பல்லுக்குக் கம்பி கட்டுதல்

தேயிலைத் தோட்டத்து லயங்களின் முன்றிலிலே மாலை வேளையில் பிள்ளைகள் கூடி விளையாடுவதைச் சற்று நேரம் நின்று கவனிப்பவர்கள், சிரிப்பு வந்தவுடன் புறங்கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையொன்றைக் காணாமல் திரும்புவது அரிது. நாணத்தினால் பொத்துகிறாள் என்று பெரியோர் எண்ணிக்கொள்கின்றனர். பெரும்பாலும் அது நாணம் அன்று. மேல்வரிசைப் பற்கள் முன்னே தள்ளி நிற்கின்றன. அல்லது வேட்டைப்பல் வரிசையை விட்டு விலகி முரசின் மேற்புறத்திலே முளைத்திருக்கிறது. வகுப்பிலே யாரோ ஒருவன் அதற்கொரு பட்டப்பெயர் சூட்டிவிட்டான். அன்றுமுதல் அவள் உரத்து வாசிப்பதில்லை. பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை. படம் பிடிக்கும்போது உதடுகளை இறுக மூடிக்கொள்கிறாள்.

முல்லை அரும்பென்றும் முத்துக் கோவை என்றும் பல்வரிசையைப் புகழ்ந்து சலியாத மொழி தமிழ். அந்த மொழியைப் பேசும் வீட்டிலே பிறந்த பிள்ளைக்கு, தன் பல்வரிசை அவ்வாறு அமையவில்லை என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதனைச் சீராக்க வழி உண்டு என்பதையும், அவ்வழி பணக்காரருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். கம்பி கட்டுதல், கிளிப் போடுதல் என்று மக்கள் வழங்கும் அச்சிகிச்சையைப் பற்றியதே இப்பேச்சு.

பற்கள் ஏன் கோணுகின்றன? தாயின் பல்லும் தந்தையின் தாடையும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தமையால் இடம் போதாமற் போவது ஒரு காரணம். பரம்பரையின் கொடுக்கல் வாங்கலை எவராலும் தடுக்க இயலாது. நான்கு ஐந்து வயதுக்கு அப்பாலும் விரல் சூப்பும் பழக்கம் இன்னொன்று. இவற்றையெல்லாம்விடத் தோட்டப்புறங்களிலே கூர்ந்து நோக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அது பாற்பல்லைப் பற்றிய அலட்சியம். ‘எப்படியும் விழப்போகிற பல்தானே’ என்று சொல்லி, சூத்தை விழுந்த பாற்பல்லைக் காலத்துக்கு முன்னே பிடுங்கிவிடுகின்றனர். அல்லது அது தானாகவே கரைந்து குச்சியாய்ப் போகும்வரை பார்த்திருக்கின்றனர்.

பாற்பற்கள் 20. அவை மெல்லுவதற்கு மட்டும் வந்தவை அல்ல. பின்னால் வரும் நிலைப்பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும் காவலாளிகள். ஆறு வயதளவில், பாற்பல் எதுவும் விழாமலே, கடைசிப் பாற்கடைவாய்ப் பல்லுக்குப் பின்னே ஒரு புதிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாமல் முளைத்தமையால் அதனையும் பாற்பல் என்றே பெற்றோர் பலர் கருதிவிடுகின்றனர். உண்மையில் அது வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல். அதற்கு முன்னேயுள்ள பாற்பல் அகாலத்திலே போய்விட்டால், இந்த ஆறு வயதுப் பல் மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்கைந்து ஆண்டு கழித்து அவ்விடத்துக்கு உரிய பல் வரும்போது அதற்குக் கதவு அடைபட்டிருக்கிறது. அப்பல் உள்ளேயே தங்கும். அன்றேல் நாக்குப் பக்கமாகவோ கன்னப் பக்கமாகவோ வழி தேடும். பன்னிரண்டு வயதிலே கம்பியால் நேராக்க வேண்டியிருக்கும் பல பல்வரிசைகள், ஆறு வயதிலே ஒரு சிறு சூத்தையை அடைத்திருந்தால் கோணாமலே இருந்திருக்கும்.

சரி, பல் கோணிவிட்டது. எலும்பிலே ஊன்றிய பல்லை ஒரு மெல்லிய கம்பி எவ்வாறு நகர்த்துகிறது? கேட்போருக்கு இது வியப்பாகவே இருக்கும். பல்லானது சுவரில் அறைந்த ஆணிபோல எலும்போடு இறுகிக் கிடப்பதன்று. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே, மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கனமுள்ள மெல்லிய இழையம் ஒன்று இருக்கிறது. அதன் நார்களிலே பல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். பல்லை ஒரு பக்கமாக மெல்ல, ஆனால் விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தால், நெருக்கப்படும் பக்கத்து எலும்பை உடம்பே சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இழுபடும் பக்கத்திலே புதிய எலும்பைப் படிய வைக்கிறது. முன்னே கரைந்து பின்னே வளர, பல் தன் குழியோடு சேர்ந்து நகர்கிறது. மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், அவ்வளவே. பலமாக இழுத்தால் விரைவாக முடியுமே என்று அவசரப்படுவோர் உண்டு. வலிந்து இழுத்தால் அந்த மெல்லிய இழையத்தில் இரத்த ஓட்டம் தடைப்படும். பல் நகராது நின்றுவிடும். வேரின் நுனி கரைந்து குட்டையாவதும் உண்டு. உடம்பு தன் வேகத்திலேதான் வேலை செய்யும். சிகிச்சைக்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை செல்வதும், சிலருக்கு அதற்கு மேலும் ஆவதும் இதனாலேயே.

இக்கலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பிரான்சு நாட்டுப் பல் வைத்தியர் பியர் போஷார் 1728இல் வெளியிட்ட நூலிலே, குதிரை இலாடம் போன்று வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி நேராக்கும் முறையை விளக்கியிருக்கிறார். அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899இல் பற்கள் பொருந்தும் வகைகளை மூன்றாக வகுத்தார். இன்றும் பல் வைத்தியர்கள் அவ்வகுப்பைக் கொண்டே பேசுகின்றனர். 1928இல் அவர் வெளியிட்ட கம்பி முறையே இன்றைய கம்பிகளுக்கெல்லாம் மூதாதை. அக்காலத்திலே ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டவேண்டியிருந்தது. வாய் திறந்தால் இரும்புக் கடை போலத் தோன்றும். 1955இல் மைக்கேல் புவனகோர் என்பவர், பல்லின் மேலுறையாகிய மிளிரியை மெல்லிய அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்று கண்டார். அதன் பயனாக, சிறு பொத்தான் போன்ற பிராக்கெட்டுகளை நேரே பல்லின் முகத்தில் ஒட்டும் வழி 1960களில் பிறந்தது. நிக்கலும் தைத்தானியமும் கலந்த கம்பியோ, அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமொன்றிலே வேறு தேவைக்காகக் கண்டறியப்பட்டது. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே மெல்ல மீளும் அதன் குணம் பல்லை நகர்த்துவதற்கு வாய்த்த குணமாயிற்று. 1970களில் அது பல் வைத்தியத்துக்குள் நுழைந்தது.

கோணற் பல் எல்லாவற்றுக்கும் கம்பி வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பிரித்தானியாவில் புரூக், ஷா என்னும் இருவர் 1989இல் ஓர் அளவுகோலை வகுத்தனர். சிகிச்சையின் தேவையை அது ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. மேல்முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட 9 மில்லிமீற்றருக்கு மேல் முன்தள்ளி நின்றால் அது ஐந்தாம் படி. 6க்கு மேல் 9 வரை என்றால் நான்காம் படி. ஒரு பல் சற்றே திரும்பி நிற்பது முதற் படியிலோ இரண்டாம் படியிலோ அடங்கிவிடும். அதற்குக் கம்பி கட்டாமல் விட்டாலும் கேடில்லை. ஆனால் முன்தள்ளிய பற்களின் கதை வேறு. உதடு மூடிக் காக்காத அப்பற்கள் விழுந்தால் முதலிலே அடிபடுபவை. செங்குத்தான படிக்கட்டும், மழையில் வழுக்கும் ஒற்றையடிப் பாதையும், கல் பாவிய குறுக்கு வழியும் உள்ள தோட்டங்களிலே பிள்ளைகள் விழுவதற்கா பஞ்சம்? எனவே அழகு கருதியே கம்பி கட்டுகிறார்கள் என்று பழிப்பது முழு உண்மை ஆகாது. அழகு கருதிக் கட்டினாலும் அதிலே பழிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. தன் சிரிப்பை மறைக்காமல் சிரிக்க விரும்புவது வீண் ஆசை அன்று.

இனி, மலையகத்துப் பெற்றோர் எங்கே போவது? இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பல்லைச் சீராக்கும் நிபுணர்கள் அவ்வைத்தியசாலைகளிலும் பணியாற்றுகின்றனர். நுவரெலியா மாவட்டத்தாருக்கு நீண்டகாலமாகத் தெரிந்த வாசல் பேராதனைப் பல் வைத்தியசாலை. 1943இல் கொழும்பிலே தொடங்கிய பல் வைத்தியக் கல்வி 1954இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. இன்றுள்ள பெரிய கட்டடம் ஜப்பான் நாட்டின் உதவியோடு 1998இல் எழுந்தது. வருங்காலப் பல் வைத்தியர்கள் அங்கே பயில்கின்றனர். பல்லைச் சீராக்குவதற்கென்று தனிப்பிரிவும் உண்டு. கொழும்பிலே தேசிய பல் வைத்தியசாலையும், மகரகமவில் வாய்ச் சுகாதார நிலையமும் இருக்கின்றன. ஆயினும் பெற்றோர் எடுத்த எடுப்பிலேயே பேராதனைக்கு வண்டி ஏற வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் முதலிலே காட்டி, அவர் தரும் கடிதத்தோடு செல்வதே முறை.

பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களை இவ்விடத்தில் மறத்தலாகாது. கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து அளித்த உதவியோடு 1950களில் உருவான சேவை அது. மாணவருடைய வாயைச் சோதிக்கும் அவர்களே கோணலை முதலிற் காண்பவர்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் புத்தகப் பைக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டு வீட்டிலே சொல்லாமல் இருக்கும் பிள்ளைகள் பலர். பெற்றோர் அவ்வப்போது பையைத் திறந்து பார்ப்பது நல்லது.

கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. காத்திருப்போர் பட்டியல் நீளமானது. பெயர் பதிந்து முறை வருவதற்கு நெடுநாள் செல்லும். அதற்காகவே பத்து வயதுக்குள் ஒருமுறையேனும் காட்டி வைத்தல் வேண்டும் என்பது. முறை வந்த பின்னர் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை செல்லவேண்டும். ஹட்டனிலிருந்து புறப்படுவோருக்கு நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை. நுவரெலியாவிலிருந்து புறப்படுவோருக்கு றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக. விடியுமுன் லயத்தை விட்டு இறங்கினால் இருட்டிய பின்னரே திரும்ப முடியும். பிள்ளையோடு தாயோ தந்தையோ போகவேண்டும். அன்றைய பெயர் விழாது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. இரண்டாண்டில் இருபது பயணம் என்று கொண்டால், அக்கணக்கில் 27,000 ரூபா சம்பளம் போகிறது. பேருந்துக் கட்டணமும், வழியிலே உண்ணும் சோறும் தனி. தனியார் சிகிச்சையோ இலட்ச ரூபாவைத் தாண்டும். இலவச சிகிச்சைக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொழுந்து பறிக்கும் கைகள் நாளொன்று வீதம் எண்ணிக் கொடுக்கின்றன. இக்கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்துத் தொடங்குவதே விவேகம். பாதியிலே நிறுத்திய கம்பி, கட்டாத கம்பியைவிடக் கேடானது. கவனிப்பாரின்றிப் பல மாதம் வாயிலே கிடந்தால் பல் வேண்டாத திசையிலே போகும். பிராக்கெட்டைச் சுற்றிச் சூத்தையும் விழும்.

பயணம் தடைப்படும் காலங்களும் வரும். 2020இல் பெருந்தொற்றும், 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் மக்களை வீட்டோடு நிறுத்தின. 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் தாக்கியபோது மலைநாட்டின் பாதைகள் பல மண்சரிவினால் துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளைகளிலே முறை தவறியதற்கு அஞ்சி, வைத்தியர் ஏசுவார் என்று அப்படியே நின்றுவிடுவோர் உண்டு. அது தவறு. பாதை திறந்தவுடன் அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காரணத்தைச் சொன்னால் போதும். அங்கே சொல்லப்படும் அறிவுரை விளங்காத மொழியில் இருந்தால், தலையை ஆட்டிவிட்டு வராமல், தமிழ் தெரிந்த மாணவரையோ தாதியரையோ கேட்டு விளங்கிக்கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு.

தனியாரிடம் செல்வோர், அவர் இலங்கை மருத்துவச் சபையிலே பதிவு பெற்ற பல் வைத்தியர்தானா என்று விசாரித்தல் வேண்டும். மலேசியாவிலும் தாய்லாந்திலும், படித்த வைத்தியர் அல்லாதோர் அலங்காரத்துக்காகக் கம்பி ஒட்டும் தொழில் பரவி, பல் இழந்தோர் கதைகள் வெளிவந்திருக்கின்றன. மலிவு என்று வாயைக் கொடுப்பது ஆபத்து.

கம்பி கட்டுமுன் வைத்தியர் பல்லை மட்டும் பார்ப்பதில்லை, முரசையும் பார்க்கிறார். முரசு வீங்கியிருந்தால், பல் விளக்கும்போது இரத்தம் வந்தால், கம்பியை ஒத்திப்போடுகிறார். இதனைக் கேட்டுச் சலிப்படையும் பெற்றோருக்கு, மலையகத்தின் மண்ணிலேயே நடந்த ஒரு கதையைச் சொல்லவேண்டும். உலகமெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இக்கதையைப் படிக்கின்றனர். மலையகத்திலே அதனை அறிந்தோர் மிகச் சிலர்.

1970ஆம் ஆண்டு. நோர்வே நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் ஹெறால்ட் லோ என்பவரும் அவருடைய துணைவர்களும் மத்திய மலைநாட்டின் டன்சினன், ஹரோ என்னும் இரு தோட்டங்களுக்கு வந்தனர். 14 வயது முதல் 30 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தனர். ஒஸ்லோ நகரிலே, சிறுவயது முதல் பல் வைத்தியம் பெற்றுவந்த 565 ஆண்களை முந்திய ஆண்டிலே அவ்வாறே சோதித்திருந்தனர். முரசு நோயை அதன் போக்கிலே விட்டால் அது எப்படி வளரும் என்பதைக் காண்பதே நோக்கம். தோட்டத்து ஆண்களுக்கு அதுவரை பல் வைத்தியமோ தடுப்பு முறையோ கிட்டியதில்லை. 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளிலும் வந்து, அதே மனிதரின் அதே பற்களை அளந்தனர்.

கண்டது என்ன? அவர்களுடைய வாயிலே சூத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் பற்படலமும் காரையும் பல்லை மூடியிருந்தன. முரசு வீங்காத இடம் காண்பது அரிதாயிற்று. நாற்பது வயதை அணுகும்போது, பல்லைத் தாங்கும் பிடிப்பு ஒஸ்லோக்காரருக்குச் சராசரி ஒன்றரை மில்லிமீற்றர் அளவே தளர்ந்திருக்க, தோட்டத்தாருக்கு நான்கரை மில்லிமீற்றர் தளர்ந்திருந்தது. ஆயினும் எல்லோருக்கும் ஒரே விதி வாய்க்கவில்லை. நூற்றில் ஏறத்தாழ 8 பேருக்கு நோய் பாய்ந்து சென்றது. இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, நாற்பத்தைந்து வயதிலே வாய் வெறுமையாயிற்று. 81 பேருக்கு மெல்ல நடந்தது. 11 பேருக்கோ முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் போகவேயில்லை. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே பழக்கம், மூன்று விதி. இக்கண்டுபிடிப்பு 1986இல் வெளியாகி, முரசு நோய் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. கதை அத்தோடு முடியவில்லை. 2010இல், நாற்பது ஆண்டு கழித்து, மீண்டும் தேடிச் சென்றபோது 75 பேரைச் சோதிக்க முடிந்தது. அதற்குள் அவர்கள் இழந்திருந்த பற்கள் சராசரி 13. ஒரு பல்லும் இழக்காதவரும் இருந்தனர். 28 பல்லும் இழந்தவரும் இருந்தனர். முப்பது வயதுக்குள் காரையை அகற்றி, முரசு வீக்கத்தை அடக்கி, புகைத்தலையும் நிறுத்தினால் பிற்காலத்தில் பற்கள் தங்கும் என்பது ஆய்வாளர் கண்ட முடிவு.

உலகுக்கு இப்பாடத்தைக் கற்றுத் தந்த வாய்கள் டன்சினன், ஹரோ தோட்டத்தாருடையவை. அப்பாடத்தால் அவர்களுக்கு விளைந்த நன்மை என்ன என்று எவரேனும் கேட்டால், அக்கேள்வியை நியாயமற்றது என்று தள்ளிவிட இயலாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாவது அப்பாடத்தின் பயனைப் பெறவேண்டும்.

அன்றைய ஆண்களுக்கு இல்லாத சூத்தை இன்றைய பிள்ளைகளுக்கு உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். மலைநாட்டு நீரிலே புளோரைட்டு மிகக் குறைவு. அநுராதபுரப் பக்கத்துக் கிணற்று நீரில் அது மிகுந்து பல்லைக் கறைப்படுத்துவதற்கு நேர்மாறான நிலை இது. லயத்துக்கு லயம் கடை வந்துவிட்டது. கடைக்குக் கடை டொபியும் பிஸ்கட்டும் வந்துவிட்டன. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது பழைய வழக்கு. ஆலமும் வேலமும் வளராத குளிர் மலையிலே கரித்தூளும் உப்பும் அவ்விடத்தைப் பிடித்தன. கம்பி கட்டிய பல்லுக்குக் கரித்தூள் ஆகவே ஆகாது. புளோரைட்டுக் கலந்த பற்பசையும் மென்மையான தூரிகையும் வேண்டும்.

தூரிகையைக் கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, முரசோரமாக ஒருமுறை என்று சாய்த்துப் பிடித்துத் தேய்க்கவேண்டும். கம்பிக்கும் பல்லுக்கும் இடையே நுழையும் சிறு தூரிகையும் உண்டு, கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். காலையிலும் இரவிலும் கட்டாயம். பகலுணவுக்குப் பின் வாயைக் கொப்புளித்தலேனும் வேண்டும். நுவரெலியாவின் விடியற் குளிரிலே பீலித் தண்ணீரை வாயில் ஊற்றப் பிள்ளைகள் அஞ்சுவார்கள். சற்றே சூடாக்கிய நீரைக் கொடுத்தால் அஞ்சமாட்டார்கள். இவ்வேலையிலே சோம்பினால், கம்பியைக் கழற்றும் நாளிலே பல் நேராக நிற்கும். ஆனால் ஒவ்வொரு பல்லின் முகத்திலும் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு நிறத்திலே வெள்ளைத் தழும்பு தெரியும். அது சூத்தையின் முதற் படி, எளிதில் மறையாது.

உணவிலே சில மாற்றம் வேண்டும். தோட்டத்துக் காலை உணவாகிய ரொட்டி ஆறினால் தோல்போல இறுகும். அதனை முன்பல்லால் கடித்து இழுத்தால் பிராக்கெட் பெயர்ந்து வரும். சிறு துண்டாகப் பிய்த்துக் குழம்பிலோ தேத்தண்ணியிலோ நனைத்துப் பின்பல்லால் மென்றால் தடையில்லை. முறுக்கு, கரும்பு, பொரித்த கடலை, எலும்பு ஆகியவற்றை இரண்டாண்டு மறந்திருக்கவேண்டும். மாங்காயையும் கொய்யாவையும் மெல்லிய கீறாக அரிந்து தின்னலாம். டொபியும் ஒட்டும் இனிப்பும் இருவகையாலும் பகை. கம்பியையும் கெடுக்கும், பல்லையும் கெடுக்கும். உள்ளங்கையிலே சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கும் வழக்கம் மலையகத்தின் பழஞ்சுவை. தேத்தண்ணியால் சூத்தை வராது. தேயிலையிலே புளோரைட்டு உண்டு. குற்றமெல்லாம் உள்ளங்கைச் சீனியுடையது. தேயிலைச் சாயமும் மஞ்சளும் பிராக்கெட்டிலுள்ள சிறு இறப்பர் வளையங்களைப் பழுப்பாக்கும் என்பது உண்மை. அவை அடுத்தமுறை மாற்றப்படுபவை, அதற்காக வருந்தவேண்டியதில்லை.

கம்பியை இறுக்கிய பின் மூன்று நான்கு நாள் பல் கூசும், வலிக்கும். கஞ்சியும் குழைந்த சோறும் அந்நாட்களுக்கு உதவும். தேவையாயின் வைத்தியர் சொன்ன அளவிலே பரசிட்டமோல் போதும். சிலவகை நிக்கல் தைத்தானியக் கம்பிகள் குளிரிலே தளர்ந்து சூட்டிலே இறுகும் இயல்புடையவை. ஆதலால் ஒரு வாய் குளிர்ந்த நீர் வலியைச் சற்று அடக்கும். மலைநாட்டுக்காரருக்கு அதற்குக் குறைவில்லை. கம்பி நுனி கன்னத்தைக் குத்தினால் வைத்தியசாலையிலே கொடுத்த மெழுகை உருட்டி அதன்மேல் அழுத்தி வைக்கவேண்டும். பிராக்கெட் பெயர்ந்தால் அதனைப் பத்திரப்படுத்திக் கொண்டு, முறைநாள் வரும்வரை இராமல் செல்லவேண்டும். அப்பா வீட்டிலுள்ள குறட்டை எடுத்துச் சீராக்க முயல்வது வேண்டாத வீரம்.

வயது வந்தோருக்கும் கம்பி கட்டலாம். எலும்பு கரைந்து வளரும் இயல்பு வாழ்நாள் முழுவதும் உண்டு. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் முன்பற்கள் தாமாகவே விசிறிபோல விரியத் தொடங்கினால், அது கோணற் பல் அன்று, முரசு நோயின் அடையாளம். வெற்றிலை போடுவோரிடையே காரையும் கறையும் அதனை மறைத்துவிடுவதுண்டு. அவர்கள் முதலிலே நாடவேண்டியது முரசுச் சிகிச்சையை. நோயுள்ள முரசிலே கம்பியைக் கட்டி இழுத்தால், இருக்கும் எலும்பும் போய்விடும்.

கடைசியாக ஒன்று உண்டு. பலர் தோற்பது இங்கேதான். கம்பியைக் கழற்றிய அன்று வீடு விழாக்கோலம் பூணும். ஆனால் நகர்ந்த பற்கள் தங்கள் பழைய இடத்தை உடனே மறந்துவிடுவதில்லை. முரசின் நார்கள் இழுத்துக்கொண்டே இருக்கும். அவற்றைத் தடுப்பதற்காக ரிட்டெய்னர் என்னும் தாங்கி ஒன்றை அளவெடுத்துக் கொடுப்பார்கள். வைத்தியர் சொன்ன காலம்வரை, முதலிலே இரவும் பகலும், பின்னர் இரவில் மட்டும், அதனை அணிதல் வேண்டும். இரண்டாண்டுப் பயணமும் இருபது நாட் சம்பளமும் அந்தச் சிறு தகட்டிலே அடங்கியிருக்கின்றன. உண்ணும்போது கழற்றிக் கடதாசியிலே சுற்றி வைத்து, எச்சிற் கடதாசியோடு சேர்த்து எறிந்துவிட்டுப் பின்னர் தேடுவோர் எண்ணிறந்தோர். கொதிநீரிலே கழுவினால் அது வடிவம் கெட்டுப்போகும். குளிர்ந்த நீரே போதும். கழற்றியவுடன் மூடியுள்ள சிறு பெட்டியிலே வைத்து, எலியும் நாயும் எட்டாத இடத்திலே வைக்கவேண்டும்.